உர்கீசா பாணியா, மிலோங்கெரோ பாணியா? பேட்டைக்கு ஒரு டாங்கோ உண்மையிலேயே இருந்ததா?

தோபாயோ_நடைக்காரன் (சிங்கப்பூர்)

மக்களே, ஒரு குழப்பம். எங்கள் ஊருக்கு அடுத்தடுத்து இரண்டு ஜோடிகள் புவெனஸ் அயர்ஸிலிருந்து வந்து பட்டறை நடத்திவிட்டுப் போனார்கள். முதல் ஜோடி சொன்னது: "இதுதான் வில்லா உர்கீசா பேட்டையின் பாணி. வழிவழியாக வந்த அசல் சலோன் டாங்கோ. எட்டு நீளமாக வை, திருப்பத்தில் அணைப்பைக் கொஞ்சம் தளர்த்து, அவள் சுற்றி வர இடம் விடு." பின்னால் வந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரித்தேவிட்டார்கள். "நகர மையத்து மிலோங்காவில் (டாங்கோ ஆடக் கூடும் இரவுக் கூட்டத்தில்) இப்படி எட்டு வைத்தால் பக்கத்தில் ஆடுபவர் கணுக்கால் காலி. நெஞ்சு நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், பாட்டு முடியும்வரை பிரியக்கூடாது. பழைய ஆட்கள் ஆடியது இதைத்தான், மிலோங்கெரோ பாணி" என்றார்கள்.

இரண்டு பேருக்கும் காசு கட்டியவன் நான். பேட்டைக்குப் பேட்டை ஆட்டம் மாறியது என்பது நிஜமா, வகுப்புக்கு ஆள் சேர்க்கச் சொல்லும் கதையா? ஏப்ரலில் புவெனஸ் அயர்ஸ் போகிறேன். அதற்குள் எதைப் பழகிக்கொள்வது?

பண்டோனியன்_பித்தன் (பெர்லின்)

கதைதான். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1940-களில் யாரும் "நான் ஆடுவது உர்கீசா பாணி" என்று சொல்லிக்கொண்டு தளத்தில் இறங்கவில்லை. அவனவனுக்கு அவனவன் நடை. இன்னொருவன் அடவை அப்படியே எடுத்து ஆடினால் அது அவமானம். "மிலோங்கெரோ பாணி" என்ற பெயர் 1990-களில் சுசானா மில்லரின் வகுப்புகள் வழியாகப் பரவியது. மைய நகர மிலோங்காக்களில் வயதானவர்கள் நெரிசலில் ஆடுவதைக் கவனித்து, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குச் சொல்லித்தரும் வடிவத்துக்கு அதைக் கொண்டுவந்தார். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் பெயர் வைத்ததும் என்ன ஆயிற்று? எதிர்த் தரப்புக்கும் ஒரு பெயர் தேவைப்பட்டது. "உர்கீசா பாணி" என்ற சொல் உலகம் முழுக்கப் புழங்கத் தொடங்கியது அதற்கும் பிறகு, வீடியோ இணையத்தில் சுற்ற ஆரம்பித்த காலத்தில்.

பெயர் இரண்டும் நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்களுக்காக ஒட்டிய லேபிள். உங்கள் பட்டறைக் காசு அதற்கு ஆதாரம்.

அடையாறு_ஆந்தை (சென்னை)

பித்தன், பெயர் பின்னால் வந்தது என்பதால் பொருளே இல்லை என்று ஆகிவிடுமா?

வேலை நிமித்தம் சில வருடங்கள் அந்த ஊரில் இருந்தேன். புவெனஸ் அயர்ஸில் 48 பேட்டைகள். அதில் வில்லா உர்கீசா வடமேற்கில், மையத்திலிருந்து நல்ல தூரம். அங்கே ஆட்டம் நடந்த இடங்கள் மைய நகரத்தைப் போல இருக்காது. சண்டர்லேண்ட் மன்றத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், அது கூடைப்பந்து மைதானம். தலைக்கு மேல் வளையம் இருக்கும், தரையில் ஆட்டக்கோடு இருக்கும், அதன் மேல்தான் சனிக்கிழமை மிலோங்கா. விளக்கு பளிச்சென்று எரியும், மங்கல் வெளிச்சம் எல்லாம் கிடையாது. தாத்தா பாட்டி பேரன் என்று குடும்பத்தோடு மேசை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நடுவில் ஆடுகிறவன் ஒவ்வொரு எட்டையும் அவ்வளவு பேரும் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு நடுவில்தான் நீள நடை வளர்ந்தது. காலை எப்படி ஊன்றுகிறான், எப்படிச் சேர்க்கிறான், எங்கே நிறுத்துகிறான் என்று எடை போடுகிற கூட்டம் அது.

மையத்தில் கதையே வேறு. கொன்ஃபித்தேரியா என்னும் காபி, கேக் விற்கும் கடைகளிலும் சிறு கூடங்களிலும் ஆட்டம். சுற்றிலும் மேசை நாற்காலி, மிச்ச இடத்தில் எத்தனை ஜோடி நுழைய முடியுமோ அத்தனை. அங்கே நீள நடை போட நினைத்தாலும் முடியாது. குட்டி எட்டு, தாளத்தைப் பிடித்து அசைவு, ஓச்சோ கொர்த்தாதோ போல இருந்த இடத்திலேயே திரும்பிக்கொள்ளும் உத்திகள்.

இடம் ஆட்டத்தை மாற்றாது என்றால் நம்புவது கஷ்டம்.

பண்டோனியன்_பித்தன்

> இடம் ஆட்டத்தை மாற்றாது என்றால் நம்புவது கஷ்டம்

மாற்றும். நானும் அதையேதான் சொல்கிறேன். அதே சண்டர்லேண்டில் இரவு பதினொன்றரைக்கு நான்கு ஜோடி ஆடும்போது பாருங்கள், அப்புறம் ஒரு மணிக்குத் தளம் நிரம்பியதும் பாருங்கள். அதே மனிதர் எட்டைச் சுருக்கிவிடுவார். அப்படியானால் அது பேட்டையின் பாணியா, கடிகாரத்தின் பாணியா? அருகிலேயே சின் ரும்போ மன்றம் இருக்கிறது, 1919-இல் தொடங்கியது, "டாங்கோவின் பேராலயம்" என்று பட்டம் வேறு. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை. சண்டர்லேண்ட் மைதானத்தோடு ஒப்பிட்டால் அது சின்னக் கூடம். உர்கீசாவின் கோயில் என்று எல்லோரும் கும்பிடும் இடத்திலேயே உங்கள் மைதானக் கணக்கு இடிக்கிறதே?

அடையாறு_ஆந்தை

இடிக்கவில்லை. சின் ரும்போவில் ஆடியவர்கள் அந்த ஒரு கூடத்தில் மட்டும் ஆடியவர்கள் இல்லை. சுற்று வட்டாரத்து மன்றங்கள் எல்லாவற்றுக்கும் அதே முகங்கள்தான் போய் வந்தன. ஹெரார்டோ போர்த்தலேயா, 'மிலோங்கீதா' என்று அழைக்கப்பட்ட லூயிஸ் லெமோஸ், 'ஃபினீத்தோ' என்ற பட்டப்பெயர்க்காரர் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்து வளர்ந்தவர்கள். போர்த்தலேயாவின் பழைய வீடியோ ஒன்றை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். பாதி நேரம் மனிதர் நடக்கிறார், அவ்வளவுதான். கால் தரையைவிட்டுக் கிளம்புவதே தெரியாது. இசையில் இடைவெளி வந்தால் நின்றுவிடுவார். நிற்பதற்குப் பதற்றமே இருக்காது. இதைப் பார்த்துவிட்டு தெத்தே ருஸ்கோனியின் வீடியோவைப் பாருங்கள். குண்டு மனிதர், பம்பரம் போல அந்தச் சின்ன இடத்தில் பெண்ணை நெஞ்சில் சாய்த்துக்கொண்டு சுழன்றபடியே போவார். இரண்டும் ஒரே பள்ளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஸ்கார்பரோ_அக்கா (டொரண்டோ)

தம்பிமார் இருவரும் நன்றாகத்தான் கதைக்கிறீர்கள். ஆனால் இதுவரை வந்த பதிவுகளில் ஆடினது எல்லாம் ஆம்பிளையள் மட்டும்தான் போல. மற்றப் பாதியை நான் சொல்கிறேன்.

முதலில் உடம்பில் என்ன வித்தியாசம் என்று சொல்ல வேண்டும். மிலோங்கெரோ அணைப்பில் என் இடது கை அவர் கழுத்துக்குப் பின்னால் போய்விடும். பாரத்தின் ஒரு பகுதியை அவர் நெஞ்சில் கொடுத்துச் சாய்ந்திருப்பேன், அவரும் என் பக்கம் சாய்ந்திருப்பார். நெஞ்சு பிரியாதபடியால் என்னால் இடுப்பை அதிகம் திருப்ப முடியாது, பெரிய சுற்று வராது. அதற்குப் பதிலாக அவர் மூச்சு எடுப்பதுகூட எனக்குத் தெரியும். உர்கீசா என்று இவர்கள் சொல்லும் அணைப்பில் நான் என் சொந்தக் காலில் நிற்பேன். நடக்கும்போது நெருக்கம், ஆனால் அவரைச் சுற்றி நான் நடந்து வரும்போது என் வலப்பக்கம் திறக்கும், அவரது வலது கை என் முதுகில் வழுக்கி இடம் விடும். சுற்று முடிந்ததும் திரும்ப மூடும். கண்ணைக் கட்டிவிட்டாலும் இரண்டையும் பிரித்துச் சொல்வேன். அதனால் பித்தன் சொல்வது போல வெறும் லேபிள் இல்லை.

இப்போது மற்றது. அந்தக் காலத்தில் இளைஞர்கள் பழகியது பிராக்டிகாவில். ஆண்கள் மட்டும் கூடும் பயிற்சி. புதுப் பெடியன் வந்தால் முதலில் பெண்ணின் பகுதியைத்தான் ஆட வேண்டும், மாதக்கணக்கில். அது சரியாக வந்த பிறகுதான் வழிநடத்த விடுவார்கள். பெரியவர்கள் "இனிப் போகலாம்" என்று சொன்ன பிறகே மிலோங்காவுக்குப் போக முடியும். ஒரே கூட்டம், ஒரே மன்றம், வருடக்கணக்கில் ஒருவரோடு ஒருவர் ஆடினால் கை கால் ஒரே மாதிரி ஆகாமல் வேறென்ன செய்யும்? பேட்டைச் சாயல் அங்கேதான் ஒட்டியது.

பெண்களுக்கு அப்படிப் பிராக்டிகா இருக்கவில்லை. வீட்டில் அண்ணனோடு, மாமாவோடு, சித்தியோடு ஆடிப் பழகி, தாயின் காவலில் மன்றத்துக்கு வருவார்கள். வருகிறவன் எந்தப் பேட்டைக்காரன் என்றாலும் அவனோடு ஆடத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே பேட்டைப் பாணி என்று ஒன்று இருந்தால் அது அரை ஜோடியின் பாணி. மற்றப் பாதி எல்லாப் பாணியையும் ஒரே இரவில் ஆடிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறது, யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

கார்மென்சீத்தா கல்தெரோன் என்ற ஆட்டக்காரியை எடுத்துக்கொள்ளுங்கள், 1905-இல் பிறந்தவர். எல் கச்சாஃபாஸ் என்ற ஆட்டக்காரர் அவரைக் கண்டெடுத்தது இந்தச் சின் ரும்போவில்தான். 1933-இல் வந்த, அர்ஜென்டினாவின் முதல் பேசும்படங்களில் ஒன்றில் இருவரும் சேர்ந்து ஆடினார்கள். கச்சாஃபாஸின் ஆட்டம் அதற்கு முந்திய தலைமுறை ஆட்டம், உர்கீசா நடை இல்லை. அவர் 1942-இல் இறந்துபோனார். கார்மென்சீத்தா நூறு வயது வரை வாழ்ந்து 2005-இல் போனார். அவரை எந்தப் பெட்டிக்குள் போடுவீர்கள்?

தோபாயோ_நடைக்காரன்

அக்கா, நன்றி. அந்த வலப்பக்கம் திறக்கும் விஷயத்தை முதல் பட்டறையில் எவ்வளவோ சொன்னார்கள், எனக்கு இப்போதுதான் விளங்கியது. நான் முழு அணைப்பையும் பிரித்துவிட்டு ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

மட்டுறுத்துநர்

மேலே இருந்த இரண்டு பதிவுகளில் சிங்கப்பூரிலும் சென்னையிலும் வகுப்பு எடுப்பவர்களின் பெயர்களை நீக்கியிருக்கிறேன். யாருக்கு ஆடத் தெரியும், யாருக்குத் தெரியாது என்ற பட்டியல் இங்கே வேண்டாம். மறைந்த பெரியவர்களைப் பற்றித் தாராளமாகச் சண்டை போடுங்கள்.

மூன்றாம்_மேசை (லண்டன்)

இசை போடுகிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. நீங்கள் எல்லோரும் தரையையும் பேட்டையையும் பேசுகிறீர்கள், இசைக்குழுவை மறந்துவிட்டீர்கள்.

1935 கடைசியில் டாரியென்சோ குழுவில் பியாஹி பியானோவுக்கு வந்தார். அதன்பின் அந்த இசைக்கு யாராலும் நாற்காலியில் உட்கார முடியவில்லை. அதற்கு ஆடும்போது கால் தானாகவே குட்டி எட்டுக்கு வந்துவிடும். டி சார்லி குழுவின் இசையைப் போட்டால் எதிர்மாறு, நடக்கச் சொல்லி இழுக்கும். 1950-களின் டி சார்லி இன்னும் அகலம், இன்னும் நிதானம். ஒரே மிலோங்காவில் டாரியென்சோ தாண்டா (ஒரே குழுவின் பாட்டுத் தொகுப்பு) ஒன்று, கோர்த்தீனா என்னும் சின்ன இடைவேளை இசை, பிறகு டி சார்லி தாண்டா. நான்கு பாட்டு குதித்த அதே பெரியவர் அடுத்த நான்கு பாட்டுக்கு மகாராஜா மாதிரி நடப்பார். மேசையில் உட்கார்ந்து பார்ப்பவனுக்கு இது நன்றாகவே தெரியும்.

இன்றைக்கு உர்கீசா என்று சொல்லிக்கொண்டு செயல்விளக்கம் ஆடுகிற ஜோடி பெரும்பாலும் எதைக் கேட்கிறது? பிற்கால டி சார்லி, இல்லையென்றால் புக்லியேசே குழு. மிலோங்கெரோ வகுப்பில் என்ன ஓடுகிறது? 1930-களின் டாரியென்சோ. அப்புறம் இரண்டையும் பக்கத்தில் வைத்து "பார், பாணி எவ்வளவு வேறு" என்கிறார்கள். இரண்டு பேரையும் இடம் மாற்றி ஆடச் சொன்னால் அந்த வித்தியாசத்தில் பாதி கரைந்துவிடும்.

பண்டோனியன்_பித்தன்

மூன்றாம் மேசைக்கு ஒரு கைகுலுக்கல்.

அக்காவின் பிராக்டிகா விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதில் ஒரு சிக்கலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்றைக்கு உர்கீசாவின் அடையாளம் என்று எதைக் காட்டுகிறார்கள்? பெண் சுற்றி வரும்போது ஆண் ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைத் திருகிக்கொள்ளும் என்ரோஸ்கே, தரையில் கால்நுனியால் கோடு இழுக்கும் லாபிஸ். இந்தச் சுற்றுகளை 1940-களில் வளர்த்தெடுத்தவர் என்று எல்லோரும் கைகாட்டுவது கார்லோஸ் எஸ்தேவெஸை. பட்டப்பெயர் பெத்ரோலியோ. வங்கி ஊழியர். அவரும் கூட்டாளிகளும் பழகியது வில்லா தேவோத்தோ பக்கம், நெல்சன் மன்றத்தில். நல்ல அடவு ஒன்றை யாராவது கண்டுபிடித்தால் சில மாதங்களில் நகரம் முழுக்கத் திருடிவிடுவார்கள். பேட்டை வேலி போட்டா வைத்திருந்தது? தேவோத்தோக்காரன் கண்டுபிடித்தது உர்கீசாவின் முத்திரை ஆகிவிட்டது. அதையும் இன்று கொண்டாடுகிற அளவுக்கு அன்று ஆடினார்களா என்றால், பழைய வீடியோவில் போர்த்தலேயா பெரும்பாலும் நடக்கிறார் என்று ஆந்தையே எழுதியிருக்கிறார்.

அடையாறு_ஆந்தை

வேலி இல்லைதான். சாயல் ஒட்டுவதற்கு வேலி வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், இப்போது நாம் பார்க்கும் "உர்கீசா" பெருமளவு போட்டியின் உருவாக்கம். 2003-இல் புவெனஸ் அயர்ஸ் நகரமே உலகக் கோப்பை நடத்தத் தொடங்கியது. மேடைப் பிரிவு ஒன்று, சலோன் பிரிவு ஒன்று. சலோன் பிரிவைப் பின்னால் 'பிஸ்தா' (ஆடுதளம்) என்று பெயர் மாற்றினார்கள். அதன் விதிகளைப் படித்தால் ஒன்று புரியும். பாட்டு ஓடும்போது அணைப்பு பிரியக்கூடாது, துள்ளக்கூடாது, வட்டத்தில் எதிர்க்கடிகாரமாகப் போக வேண்டும். இது எல்லாம் மிலோங்கா ஒழுக்கம். ஆனால் மதிப்பெண் நடையின் நேர்த்திக்கு. தளத்தில் இருப்பது பத்து ஜோடி, நாலு பக்கமும் பார்வையாளர், எதிரே நடுவர் மேசை. இந்தச் சூழலில் நெஞ்சோடு ஒட்டி, கண்ணை மூடி, நெரிசலில் ஆடுகிற ஆட்டம் நடுவர் கண்ணில் எப்படிப் படும்? தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு பேர் நின்றுகொண்டிருப்பது போலத்தான் இருக்கும். நீள எட்டும் சுத்தமான காலும் தெரியும். போட்டிக்குப் போகிறவர்கள் எல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். 2009-இல் சலோன் பட்டத்தை ஜப்பானிய ஜோடி வென்றது. தப்பாகச் சொல்லவில்லை, அழகாக ஆடினார்கள். பேட்டையின் ஆட்டம் பேட்டையே தேவையில்லாத அளவுக்கு எழுதி வைக்கப்பட்ட பாடமாகிவிட்டது என்பதற்குச் சொல்கிறேன்.

முதலில் தாத்தாக்கள் எடை போட்ட ஆட்டம், இப்போது நடுவர்கள் எடை போடும் ஆட்டம். எனக்கு அதில் தொடர்ச்சி தெரிகிறது, பித்தனுக்குத் தெரியாது. பரவாயில்லை.

ஸ்கார்பரோ_அக்கா

ஆந்தை, தொடர்ச்சி என்ற சொல்லைக் கொஞ்சம் கவனமாகப் போட வேண்டும். நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது.

1955-இல் பெரோன் ஆட்சி கவிழ்ந்தது. பெரிய இசைக்குழுக்கள் ஒவ்வொன்றாய்க் கலைந்தன, இளைஞர்கள் ராக் அண்ட் ரோல் பக்கம் போனார்கள். பிறகு 1976 முதல் 1983 வரை ராணுவ ஆட்சி. இந்த முப்பது வருடத்தில் புதிதாய் ஆடப் பழகியவர்கள் மிகச் சொற்பம். 1983-இல் பாரிஸிலும் 1985-இல் பிராட்வேயிலும் 'டாங்கோ அர்ஜென்டினோ' என்ற நிகழ்ச்சி மேடை ஏறி உலகமே திரும்பிப் பார்த்த பிறகுதான் ஆட்கள் வகுப்புத் தேடி வந்தார்கள். அப்போது சொல்லித்தர எஞ்சியிருந்தவர்கள் யார்? 1940-களில் ஆடிய ஆயிரமாயிரம் பேரில், விடாமல் ஆடிக்கொண்டிருந்த ஒரு கைப்பிடி. உர்கீசாவில் அப்படி ஒரு கூட்டம் தப்பியது. மையத்தில் ஒரு கூட்டம் தப்பியது. நகரத்தின் தெற்கே, பொம்பேயா, பார்ராக்காஸ், ஆற்றைத் தாண்டி அவெல்லனேடா பக்கம் எல்லாம் எப்படி ஆடினார்கள் என்று யார் பாணி வைத்துச் சொல்லித்தருகிறார்கள்? அங்கே ஆடவில்லையா? இரண்டு பெயர் மட்டும் நிற்பதற்குக் காரணம் இரண்டு பாணி மட்டும் இருந்ததால் இல்லை, இரண்டு கூட்டத்துக்கு மட்டும் மாணவர்கள் கிடைத்தார்கள்.

அந்த ஆட்களும் அதிக காலம் இருக்கவில்லை. கவீத்தோ என்ற ஆட்டக்காரர் 2005-இல் போனார், தெத்தே 2010 தொடக்கத்தில்.

கவீத்தோ என்றதும் இன்னொன்று. "நெருக்கமாக ஆடினால் மக்கள் ஆட்டம், திறந்து ஆடினால் மேடை ஆட்டம்" என்று சிலர் வகுப்பில் சொல்வார்கள். உலகம் முழுக்க ஆட்களுக்கு அந்தச் சாய்ந்த அணைப்பின் மேல் ஆசை வரவைத்ததே கவீத்தோதான், அதுவும் 'ஃபார் எவர் டாங்கோ' நிகழ்ச்சியின் மேடையில் நின்று. இந்தச் சட்டகத்துக்குள் அவர் அடங்கவே மாட்டார்.

பண்டோனியன்_பித்தன்

அக்கா, "இரண்டு கூட்டத்துக்கு மட்டும் மாணவர்கள் கிடைத்தார்கள்" என்பதை நான் இனி என் வாதமாகவே வைத்துக்கொள்வேன். உரிமை கேட்காதீர்கள்.

தோபாயோ_நடைக்காரன்

எல்லாம் சரி, ஏப்ரலுக்கு நான் என்ன செய்வது?

மூன்றாம்_மேசை

எந்த அணைப்பு என்பதைவிட வட்டத்தில் ஒழுங்காகப் போகப் பழகுங்கள். முன்னால் போகிறவரை முந்தாதே, பின்னால் எட்டு வைக்காதே, பாட்டு தொடங்கியதும் உடனே பாயாமல் கொஞ்சம் நின்று பேசிவிட்டுக் கிளம்பு. வெளிவட்டத்தில் நுழையும்போது, வருகிற ஆணின் கண்ணைப் பார்த்து அவர் தலையசைத்த பிறகு நுழையுங்கள். இது தெரியாதவனை அங்கே ஒரே தாண்டாவில் கண்டுபிடித்துவிடுவார்கள், அவன் என்ரோஸ்கே எவ்வளவு அழகாகப் போட்டாலும் சரி.

ஸ்கார்பரோ_அக்கா

பெண்ணை அழைக்க மேசைக்கு நடந்து போகாதீர்கள். கபெசெயோதான், தூரத்திலிருந்து பார்வை, தலையசைப்பு. மையத்தில் சில இடங்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் எதிர்ப் பக்கம் உட்கார வைப்பார்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் போட்டுக்கொண்டே இருங்கள், கழற்றி அழகு பார்க்க வேண்டாம்.

பட்டறை விஷயம்: நெருக்கமான அணைப்பில் நேர் நடை நடக்க வராதவருக்கு உர்கீசாச் சுற்றும் வராது. முதலில் இரண்டாவதாக வந்த ஜோடி சொல்லித்தந்ததைப் பழகுங்கள். எல் பேசோ போன்ற சின்னக் கூடத்தில் அது போதும். அணைப்பைத் திறந்து மூடுவது பிறகு வரும்.

பண்டோனியன்_பித்தன்

லேபிளைப் படிக்காமல் இரண்டையும் பழகுங்கள் என்று நான் சொன்னால் அக்கா ஒத்துக்கொள்ள மாட்டார், அதனால் சொல்லவில்லை.

அடையாறு_ஆந்தை

சண்டர்லேண்டுக்குச் சனிக்கிழமை போங்கள். மெட்ரோவில் பி தடம், கடைசி நிலையம் ஹுவான் மனுவேல் தெ ரோசாஸ். 2013-இல் திறந்த நிலையம், பழைய வழிகாட்டிப் புத்தகங்களில் இருக்காது. அங்கிருந்து டாக்சி பிடித்தால் சில நிமிடம். திரும்பும்போது மெட்ரோ ஓடாது, மன்றத்து வாசலில் இருப்பவரிடம் சொன்னால் வண்டி வரவழைத்துத் தருவார்கள். போவதற்கு முன் அன்று மிலோங்கா நடக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், மேசைக்கும் முன்பதிவு சொல்லிவிடுங்கள். பத்து மணிக்கே போய் உட்காராதீர்கள், சாப்பாட்டு மேசைகளைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள்.